வெள்ளைக்கு நடுவே செல்லப்பிராணி: எக்ஸ்போஷரை எந்த முறையிடம் ஒப்படைப்பது?

பனி மூடிய மைதானத்தில் நாயைப் படம் எடுத்து வந்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. "பனி ஏன் அழுக்குச் சாம்பலாக வந்திருக்கிறது?" என்பது ஒன்று. "பனியை வெள்ளையாக்கினேன், நாயின் முதுகு வெற்றுக் காகிதம் போல வெளுத்துவிட்டது, என்ன செய்ய?" என்பது மற்றொன்று. வெள்ளை விரிப்பில் தூங்கும் பூனை, வெள்ளைச் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் முயல், வெயிலில் கண்கூசும் மணல் என்று இடம் மாறலாம், சிக்கல் ஒன்றே: எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு ஒளியை விடுவது என்பது. விடை சொல்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கேமரா தேர்ந்த ஒளியைக் கூட்டக் குறைக்க உதவும் காம்பன்சேஷனைக் கூட்டு என்பார் ஒருவர், சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை நம்பு என்பார் இன்னொருவர், எண்களை நீயே வைக்கும் மேனுவலுக்குப் போ என்பார் மூன்றாமவர், ரா கோப்பில் (சென்சார் பதிந்தது அப்படியே இருக்கும் கோப்பு) எடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள் என்பார் நான்காமவர். நால்வரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு சூழலை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள், எந்தச் சூழல் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

## மீட்டருக்குப் பாலும் சாம்பல்தான்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது மனிதரின் பலவீனம். கேமராவின் மீட்டர் அதற்கு நேர் எதிர்: அதற்குப் பாலும் சாம்பல், கரியும் சாம்பல். பொருளின் மேல் பட்டுத் திரும்பி வரும் ஒளியை மட்டுமே அது அளக்கிறது. எதிரே இருப்பது சராசரியான உலகம் என்று வைத்துக்கொண்டு, அந்தச் சராசரியை நடுத்தரச் சாம்பலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கடைகளில் விற்கும் சாம்பல் அட்டை 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புவது. புதுப் பனி 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். 18-க்கும் 90-க்கும் இடையே ஐந்து மடங்கு, அதாவது இரண்டேகால் ஸ்டாப்புக்குச் சற்று அதிகம் (ஒளி இரு மடங்கானால் ஒரு ஸ்டாப் கூடுதல், பாதியானால் ஒரு ஸ்டாப் குறைவு). மீட்டரை அப்படியே நம்பினால் படம் அவ்வளவு இருண்டுபோகும். பனி சாம்பலாவதன் கதை இவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதை அதிகம் பேர் போட்டுப் பார்ப்பதில்லை. கறுப்பு நாயின் ரோமம் ஏறத்தாழ 5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே வெயிலில் நிற்கும் பனிக்கும் அந்த நாய்க்கும் உள்ள வித்தியாசம் நான்கு ஸ்டாப்புக்குச் சற்றுமேல்தான். இன்றைய சென்சார்கள் குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் எண்) பன்னிரண்டு ஸ்டாப்பையும் தாண்டிப் பதிவு செய்கின்றன. ஆகவே "கறுப்பு நாயும் வெள்ளைப் பனியும் ஒரே படத்தில் வராது" என்பது உண்மையில்லை, தாராளமாக வரும். பனி வெளுத்துப்போகும் எல்லைக்குச் சற்று முன்னால் நிறுத்தினால், நாய் தனக்குரிய கறுப்பில் தானாகவே உட்கார்ந்துகொள்ளும். வெயில் நாயின் நிறம் பார்த்துக் காய்வதில்லையே! வெள்ளை நாய்க்குச் சரியான எக்ஸ்போஷர், அதே இடத்தில் நிற்கும் கறுப்பு நாய்க்கும் ஏறக்குறைய சரியானதுதான். கீழே உள்ள முறைகளில் எது நாயைப் பார்க்கிறது, எது ஒளியைப் பார்க்கிறது என்பதை வைத்தே நான் அவற்றை எடை போடுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் கேள்வி, ஒளி மாறுகிறதா? மேகம் வந்து போகும் நாளும் தெளிந்த வானமுள்ள நாளும் ஒன்றில்லை. இரண்டாவது, ஃபிரேமுக்குள் வெள்ளையின் பங்கு மாறுகிறதா? தூரத்தில் புள்ளியாக இருக்கும் நாய், மூன்று விநாடியில் லென்ஸ் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, விலங்கு எவ்வளவு நேரம் தரும்? தூங்கும் பூனை அரைமணி நேரம் தரும், பந்தைத் துரத்தும் நாய் ஒன்றும் தராது. நான்காவது, பதிவு ராவா, கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கா? ரா கோப்பில் ஒரு நிறப்புள்ளிக்கு 12 அல்லது 14 பிட், ஜேபெக்கில் 8. இருட்டிலிருந்து மேலே இழுக்க ராவில் இடம் உண்டு. மூன்று நிறங்களும் நிரம்பி வழிந்த வெள்ளையை இரண்டிலும் மீட்க முடியாது, இல்லாத ரோமத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. அதனால் பிழை செய்துதான் ஆகவேண்டுமென்றால் இருட்டின் பக்கம் செய்வது மேல்.

## எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்

எல்லோரும் முதலில் கற்பது இது. அப்பர்ச்சர் முன்னுரிமையிலோ (லென்ஸ் துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேரும்) ஷட்டர் முன்னுரிமையிலோ (அதன் தலைகீழ்) வைத்து, காம்பன்சேஷனை +1 முதல் +2 வரை கூட்டுவது. பனியோ மணலோ ஃபிரேமில் பாதிக்கு மேல் இருந்தால் +1.3-இல் தொடங்கலாம். ஏறக்குறைய முழுவதும் வெள்ளை என்றால் +1.7 அல்லது +2. மேகம் மறைத்தாலும் விலகினாலும் கேமரா தானே ஈடுகொடுக்கும் என்பது இதன் பெரிய பலம்.

பலவீனம் எங்கே என்பதை ஒரு தொடர் படம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கறுப்பு லாப்ரடார் ஒன்று பனியில் என்னை நோக்கி ஓடி வந்தது. அப்பர்ச்சர் முன்னுரிமை, காம்பன்சேஷன் +1.7, பன்னிரண்டு ஃபிரேம். முதல் நான்கும் கச்சிதம்: பனி வெள்ளை, நாய் கறுப்பு. ஆறாவதில் பனியின் வரிகள் மறையத் தொடங்கின. பன்னிரண்டாவதில் நாயின் முகமும் மார்பும் ஃபிரேமை அடைத்திருந்தன, ரோமம் சாம்பலாக, பின்னணி வெறும் வெள்ளைத்தாளாக. மீட்டர் இப்போது கறுப்பைப் பார்த்து "இருட்டாக இருக்கிறதே" என்று ஒளியைக் கூட்டிவிட்டது, அதன் மேல் என்னுடைய +1.7 வேறு. அது மட்டுமென்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். 1/1600 விநாடியில் தொடங்கிய ஷட்டர் அந்தக் கடைசி ஃபிரேமில் 1/320-க்கு இறங்கியிருந்தது. நாய் மிக அருகில், மிக வேகமாக வரும் நொடியில் ஷட்டர் மிக மெதுவாக இருந்தது. மூக்கு மட்டும் கூர்மை, காதுகள் இரண்டும் கலங்கல். நாய்க்காகச் சுவரோரம் மண்டியிட்டு முழங்காலை நனைத்துக்கொண்டதெல்லாம் வீண்.

இந்த முறையின் மறைமுகச் செலவு அதுதான்: காம்பன்சேஷன் எண் ஒளிக்கு உரியதல்ல, அந்த ஒரு ஃபிரேமின் அமைப்புக்கு உரியது. அமைப்பு மாறினால் எண்ணும் மாறவேண்டும். இன்னொரு சில்லறைச் செலவும் உண்டு. +1.7-ஐ மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்துவிடுவோம், மறுநாள் எடுக்கும் முதல் இருபது படங்கள் வெளிறிப்போய் நிற்கும்.

எப்போது சிறந்தது: விலங்கு ஒரே தூரத்தில் உலாவுகிறது, ஆனால் வானம் நிலையாக இல்லை. வெள்ளைப் பனியில் வெள்ளை நாய் என்றாலும் இது நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் நாய் அருகில் வந்தாலும் ஃபிரேமின் வெண்மை குறைவதில்லை.

## ஸ்பாட் மீட்டரும் பூட்டும்

ஃபிரேமின் சில சதவீதப் பரப்பை மட்டும் அளந்து, அந்த அளவைப் பூட்டிக்கொள்வது. "நாயை அளந்தால் நாய் சரியாக வரும்" என்ற நம்பிக்கையில் பலர் இங்கே வருகிறார்கள். வந்து ஏமாறுகிறார்கள். ஸ்பாட் மீட்டருக்கும் சாம்பல் மோகம் உண்டு. கறுப்பு ரோமத்தை அளந்தால் அதைச் சாம்பலாக்கும், அந்த முயற்சியில் பனி முழுக்க அழியும். வெள்ளை ரோமத்தை அளந்தால் வெள்ளை சாம்பலாகும்.

அளந்த இடம் நடுச்சாம்பலைவிட எத்தனை படி வெளுப்பு என்பதைச் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்சும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1939–40 வாக்கில் வகுத்த, கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிக்கு ஒரு ஸ்டாப் வீதம் பிரிக்கும் ஜோன் முறையின் சாரம் இது. அதில் நடுச்சாம்பல் ஐந்தாம் ஜோன், வரிகள் தெரியும் பனி ஏழாம் ஜோனை ஒட்டி வரும். பனியை ஸ்பாட்டில் அளந்து இரண்டு ஸ்டாப் கூட்டுவது என்றால், ஐந்தில் விழவிருந்ததை ஏழில் தூக்கி வைப்பது. வெயில் நேராக விழும் வெள்ளை ரோமத்துக்கு நான் ஒன்றரையோடு நிறுத்திக்கொள்வேன். ரோமத்தின் நுனிகள் பளபளக்கும், அவைதான் முதலில் போகும்.

ஸ்பாட் புள்ளி எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில கேமராக்களில் அது ஃபோகஸ் புள்ளியோடு நகரும், சிலவற்றில் நடுவிலேயே நிற்கும். கண்ணைத் தொடரும் ஃபோகஸும் அதோடு நகரும் ஸ்பாட்டும் சேர்ந்தால், ஒரு ஃபிரேமில் கறுப்பு மூக்கையும் அடுத்ததில் வெள்ளைக் கன்னத்தையும் அளந்து, ஒரே தொடரில் இரண்டு ஸ்டாப் ஆட்டம் காட்டும். ஓடும் விலங்குக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அசையாத விலங்குக்கு, நிதானமாக அளக்க நேரம் இருக்கும்போது, இதைப்போலத் துல்லியமானது குறைவு.

## மேனுவல்: ஒளியை அளந்து, மறந்துவிடுவது

என் கை தானாகப் போவது இங்கேதான், அதை மறைக்கவில்லை. விலங்கு வரும் முன்பே, அது நிற்கப்போகும் அதே ஒளியில் உள்ள பனியை ஃபிரேம் முழுக்க நிரப்பிக்கொள்கிறேன். மீட்டர் முள் +2-இல் நிற்கும்வரை ஷட்டரைச் சுழற்றுகிறேன். ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பார்க்கிறேன், இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமுமாகப் படத்தின் ஒளியைக் காட்டும் வரைபடம் அது. மலை வலப்பக்கம் ஒதுங்கியிருக்கவேண்டும், வலச்சுவரில் மோதியிருக்கக் கூடாது. மோதியிருந்தால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைக்கிறேன். அதன்பின் எண்களைத் தொடுவதில்லை. கறுப்பு நாய் வரட்டும், வெள்ளை நாய் வரட்டும், இரண்டும் சேர்ந்து உருளட்டும். எக்ஸ்போஷர் நகராது, ஷட்டரும் நகராது. மேலே சொன்ன லாப்ரடாரை அடுத்த சுற்றில் இப்படித்தான் எடுத்தேன். பன்னிரண்டு ஃபிரேமிலும் பனி ஒரே வெள்ளையாக வந்தது. திருத்தும் வேலையும் மிச்சம்: ஒரு படத்தில் செய்ததை மற்ற பதினொன்றுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம்.

அளக்காமலே தொடங்க ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. வெயிலில் லென்ஸ் துளையின் அளவு எஃப் 16, ஷட்டர் ஐஎஸ்ஓவின் தலைகீழ் எண். பனிக்கும் பளிச்சென்ற மணலுக்கும் எஃப் 22. ஐஎஸ்ஓ 100-இல் இதை மாற்றிப் போட்டால் எஃப் 5.6-க்கு 1/1600 வருகிறது, ஓடும் நாய்க்கு வேண்டிய வேகமும் அதுவே. வெயில் நாளில் இந்த எண்களோடு தொடங்கினால் பெரிதாகத் தவறாது.

செலவு? மேகம். சூரியன் மறைந்து எட்டுப் படம் கழித்துத்தான் கவனிப்பீர்கள், அந்த எட்டும் இருட்டாக இருக்கும். நாய் வெயிலிலிருந்து மரநிழலுக்குள் ஓடினால் மூன்று, சில நேரம் நான்கு ஸ்டாப் விழும். கேமராவின் சொந்த அமைப்புகள் இரண்டில் வெயிலுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று சேமித்துவைத்து, வளையத்தைத் திருப்பி மாற்றிக்கொண்டால் இந்தச் செலவு பாதியாகக் குறையும். மேனுவலில் தானியங்கி ஐஎஸ்ஓவையும் போட்டுக்கொண்டு "மேனுவலில்தான் எடுக்கிறேன்" என்று சொல்வோர் உண்டு. அது மேனுவல் இல்லை. மீட்டர் பின்வாசல் வழியே உள்ளே வந்துவிட்டது.

## வெளுப்பைக் காக்கும் மீட்டர் முறை

ஃபிரேமின் மிக வெளிச்சமான பகுதி அழியாமல் பார்த்துக்கொள்ளும் மீட்டர் முறை இது. நிக்கான் 2014-இல் டி810-உடன் கொண்டுவந்தது. இப்போது வேறு சில நிறுவனங்களின் கேமராக்களிலும் இருக்கிறது. வெள்ளை ரோமம் அழியாது, ஒளி மாறினாலும் தொடரும். ஆனால் பயந்த சுபாவம் இதற்கு. கழுத்துப்பட்டையில் மின்னும் உலோகத் தகடையோ பனிக்கட்டியின் பளபளப்பையோ கண்டால்கூட எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். ராவில் எடுத்துப் பிறகு ஒரு ஸ்டாப் தூக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு, வெயிலும் நிழலும் கலந்த இடத்தில், இது நல்ல காவலாளி. எடுத்தவுடன் ஜேபெக்கை அனுப்பவேண்டியவர்களுக்கு உதவாது.

## கை மீட்டரும் சாம்பல் அட்டையும்

வெள்ளைக் குமிழ் வைத்த கை மீட்டர், பொருளைப் பார்ப்பதே இல்லை. பொருளின் மேல் விழும் ஒளியை அளக்கிறது. நாயின் நிறம் அதற்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. தத்துவத்தில் இதுதான் மிகச் சுத்தமான முறை. வெள்ளை ரோமத்துக்குக் காட்டும் அளவிலிருந்து மூன்றில் ஒன்று முதல் அரை ஸ்டாப் வரை குறைத்துக்கொண்டால் போதும். வெட்டவெளி வெயிலில், விலங்கிடம் போகாமல் நீங்கள் நிற்கும் இடத்திலேயே அளந்துகொள்ளலாம். இருவர் மேலும் விழுவது ஒரே வெயில்தான்.

இது உண்மையில் கைகொடுப்பது ஸ்டூடியோ ஃபிளாஷுக்கு. கேமராவின் மீட்டர் அறையில் உள்ள வெளிச்சத்தைத்தான் காணும், ஃபிளாஷ் வெடிக்கும் முன் அதை அளக்கப் பெரும்பாலும் வழியில்லை. வெள்ளைத் திரையை விலங்கைவிட ஒரு ஸ்டாப் மட்டும் அதிகமாக ஒளியூட்டினால் திரை வெண்மையாகும். அதற்குமேல் போனால் திரையிலிருந்து திரும்பும் ஒளி ரோமத்தின் ஓரங்களைத் தின்றுவிடும். முதலில் காணாமல் போவது மீசை மயிர். விலங்கைத் திரையிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னால் கொண்டுவருவது நல்லது.

செலவு: தனிக் கருவி, அதைத் தூக்கிச் சுமக்கும் பழக்கம். முகத்துக்கு முன்னால் குமிழை நீட்டினால் நாய்க்குட்டி அதை விளையாட்டுப் பொருளாகவே எடுத்துக்கொள்ளும். சாம்பல் அட்டைக்கும் அதே கதி, அதில் பல்தடம் வேறு.

## ராவில் எடுத்துப் பிறகு பார்த்துக்கொள்வது

பாதி உண்மை. ஒரு ஸ்டாப் இருட்டை ராவில் தூக்குவது எளிது. மூன்று ஸ்டாப் தூக்கினால் கறுப்பு ரோமத்தில் மணல் தூவியது போல இரைச்சல் வரும், நிழல்கள் நிறம் மாறும். வெளுத்துப்போனதற்கு ரா அபயம் தராது. நானூறு படங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு என்றால் மாலை முழுவதும் அதற்கே போய்விடும். ரா எடுங்கள், நானும் எடுக்கிறேன். அது காப்பீடு, முறை ஆகாது.

மூன்று எக்ஸ்போஷரில் அடுத்தடுத்து எடுக்கும் பிராக்கெட்டிங்கைப் பற்றி ஒரே வரி: நாய் தலையைச் சாய்த்து உங்களைப் பார்க்கும் அந்த நொடி, மூன்றில் மிக மோசமான எக்ஸ்போஷரில்தான் விழும்.

## பக்கத்தில் பக்கம்

| முறை | ஒளி மாறினால் | ஃபிரேமில் வெள்ளை குறைந்தால் | ஓடும் விலங்கு | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| காம்பன்சேஷன் | தானே ஈடுகொடுக்கும் | தடுமாறும் | தூரம் மாறாவிட்டால் சரி | ஷட்டர் வேகம் இறங்கும், பூஜ்யத்துக்கு மாற்ற மறப்போம் |
| ஸ்பாட், பூட்டு | மறுபடி அளக்கவேண்டும் | பூட்டியிருந்தால் பாதிப்பில்லை | வேண்டாம் | நிறத்தைப் படிக்கும் பயிற்சி |
| மேனுவல் | தவறும் | பாதிப்பில்லை | மிக நன்று | மேகத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பது |
| வெளுப்பைக் காக்கும் முறை | தானே ஈடுகொடுக்கும் | கொஞ்சம் ஆடும் | நன்று, ரா என்றால் | இருண்ட படங்கள், திருத்தும் நேரம் |
| கை மீட்டர் | மறுபடி அளக்கவேண்டும் | பாதிப்பில்லை | மேனுவலோடு சேர்ந்து நன்று | கருவியின் விலை |

எந்த முறையைத் தேர்ந்தாலும், கேமராவின் பின்திரையை மட்டும் நம்பாதீர்கள். பனி வெளிச்சத்தில் சுருங்கிய கண்ணுக்கு அந்தத் திரை எப்போதும் மங்கலாகவே தெரியும். "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும்" என்று கூட்டிக்கொண்டே போவோம். ஹிஸ்டோகிராமையும், அழிந்த பகுதி சிமிட்டும் எச்சரிக்கையையும் பாருங்கள். செம்பொன் நிற ரோமம் என்றால் மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் வேண்டும். மொத்த வளைவு பத்திரமாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும்.

## கைபேசி மட்டும்தான் இருக்கிறது என்றால்

விலங்கின் முகத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகளில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியை மேலோ கீழோ நகர்த்தலாம். கறுப்பு நாயைத் தொட்டால் கீழே நகர்த்துங்கள், பனியைத் தொட்டால் மேலே. சாராம்சத்தில் இது ஸ்பாட் மீட்டரும் காம்பன்சேஷனும் பூட்டும் சேர்ந்த ஒன்று, மேலே சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். பல ஃபிரேம்களை ஒட்டி ஒரே படமாக்கும் வசதி பனியின் வரிகளைக் காப்பாற்றும். நாய் ஓடினால் ஐந்தாவது கால் ஒன்றும் முளைக்கலாம்.

## வெள்ளைப் பூனை, வெள்ளை விரிப்பு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இங்கே எந்த முறையும் முழுதாக உதவாது. பூனையும் விரிப்பும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. எக்ஸ்போஷரைக் கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். பூனையை விரிப்பிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒளியின் திசை மட்டுமே. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் பூனை கரைந்துபோகும், இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் மட்டும் மிதக்கும். நீங்கள் சுற்றி நடந்து, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி நின்றுகொள்ளுங்கள். ஒவ்வொரு ரோமக் கற்றைக்கும் ஒரு நிழல் விழும், முதுகின் வளைவுக்குக் கீழே விரிப்பு ஒரு படி இருளும். பூனை தூங்கிக்கொண்டிருந்தால் ஸ்பாட்டில் வெளிச்சப் பக்கத்தை அளந்து ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். விழித்து நடக்கத் தொடங்கிவிட்டால் அதே எண்களை மேனுவலில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போங்கள், ஜன்னலைவிட்டு அது விலகாதவரை அவை செல்லும்.